தூரமா? இல்ல, பக்கத்துலதான்

பத்தாவது வரைதான் படித்திருக்கிறேன். அதற்குப் பிறகு ஊர் பார்க்க நான் எழுதியது ஒரே ஒரு வாக்கியம்தான்: "இன்று மாவு இல்லை." ஸ்ரீரங்கத்தில் என் வீட்டு வாசலில் மாட்டும் பலகையில், சாக்பீஸால். அதிலும் எந்த 'ன்' போடுவது என்று ஒவ்வொரு முறையும் யோசிப்பேன். இப்படிப்பட்டவள் பக்கம் பக்கமாக எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுதக் காரணம் என் அக்கா. நான் தனியாக வெளிநாடு கிளம்பிய கதையை அவள் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கதை கொஞ்சம் உப்பிவிடுகிறது, வெயில் காலத்து மாவு போல. கடைசியாக நான் கேட்டபோது, ஓடுகிற விமானத்தைக் கையைக் காட்டி நிறுத்தி ஏறினேன் என்ற இடத்துக்கு வந்திருந்தது. இன்னும் பொங்கி வழிவதற்குள் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை, அது ஏன் என்பது இங்கே வேண்டாம். முன்னறையில் இரண்டு கிரைண்டர்கள். இட்லி மாவு, தோசை மாவு, வெள்ளிக்கிழமைகளில் அடை மாவு. அக்கா குடும்பம் அடுத்த வீட்டில். எனக்குக் கூச்சம் அதிகம். மாவு வாங்க வருகிறவர்களிடம் எவ்வளவு வேண்டும் என்று வாயால் கேட்க மாட்டேன். கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர்களே சொல்லிவிடுவார்கள்.

கிரைண்டர் ஓடும்போது யாரும் என்னிடம் பேச முடியாது. எனக்கு மிகவும் பிடித்த நேரம் அது. ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து போனில் வீடியோ பார்ப்பேன். சத்தம் எதுவும் காதில் விழாது, படம் மட்டும்தான். அப்படித்தான் ஒரு பெண்ணைப் பார்த்தேன். என் வயது இருக்கும். முதுகில் ஒரே ஒரு பை. அதோடு உலகத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஓட்டலில் இறங்கி, காரில் ஏறி, கோயிலைப் பார்த்துத் திரும்புகிற சுற்றுலா இல்லை. மூட்டைகளுக்கு நடுவே படகில் உட்கார்ந்து போனாள். ஆட்டு மந்தையோடு லாரியில் போனாள். பனியில் முழங்கால் புதைய நடந்தாள். முன்பின் தெரியாதவர்களின் வீட்டு அடுப்படியில் படுத்துத் தூங்கினாள். அவள் வாய் பேசி நான் பார்த்ததே இல்லை. விரலைக் காட்டுவாள், சிரிப்பாள், தட்டு வரும். சாப்பிடுவாள், வயிற்றைத் தட்டிக் காட்டுவாள், எல்லோரும் சிரிப்பார்கள்.

எனக்கு அன்று ஒன்று உறைத்தது. பாஷை தெரியாத ஊரில் எல்லோருமே என்னைப் போலத்தான். ஏன் பேச மாட்டேங்கிறே என்று அங்கே யாரும் கேட்கப் போவதில்லை. கரண்டியைத் தூக்கிக் காட்டிப் பிழைப்பதில் எனக்கு எத்தனை வருடப் பழக்கம். உலகம் சுற்றத் தேவையான படிப்பை நான் எப்போதோ முடித்துவிட்டேன். இதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததில் கிரைண்டரை நிறுத்த மறந்துபோய், அன்றைய தோசை மாவு பேப்பர் ஒட்டும் பசை போல ஆகிவிட்டது. அதையும் ரொம்ப நைஸாக இருக்கிறது என்று பாராட்டி வாங்கிக்கொண்டு போனார்கள்.

நானும் அப்படிப் போக முடிவு செய்தேன், முதலில் மலேசியா. தடுத்துவிடுவார்கள் என்ற பயம் எனக்கு இல்லை. கூட வந்துவிடுவார்கள் என்ற பயம்தான்.

இதைப் புரிந்துகொள்ள பச்சைமலைக் கதை தெரிய வேண்டும். சில வருடங்களுக்கு முன், ஒருமுறை பச்சைமலைக்குப் போய் ஒரு நாள் முழுக்க நடந்துவிட்டு வரலாமா என்று இருக்கிறது என்று அக்காவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சாயங்காலத்துக்குள் வேன் பேசியாகிவிட்டது. அக்கா, அத்தான், அத்தானின் தம்பி குடும்பம், காட்டூரில் இருக்கும் சம்பந்தி வீட்டார், அவர்களின் பக்கத்து வீட்டார். ஒரு அண்டா புளியோதரை, ஒரு அண்டா தயிர்சாதம். மலையில் நான் நடந்தது வேனிலிருந்து மரத்தடிக்கும், மரத்தடியிலிருந்து வேனுக்கும்தான். ஒரு முறை ஒற்றையடிப் பாதையில் கொஞ்சம் தள்ளிப் போனேன். காணவில்லை என்று மலையே அதிரும்படி என் பெயரைக் கூவினார்கள். மரவள்ளிக்கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு என்னைத் தேட வந்துவிட்டார்கள். எனக்கு அந்தக் கிழங்குக் குழிக்குள்ளேயே இறங்கிவிடலாம் போல இருந்தது.

மலேசியா என்று சொன்னால் அக்கா என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். இரு, எல்லாருமா பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டுப் போவோம் என்பாள். எனக்கு 'மாட்டேன்' என்று சொல்ல வராது. அத்தோடு என் உலகப் பயணம் ஒரு வேன் பயணமாகிவிடும். ஒரே ஒரு தடவை, தனியாக. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதனால் ரகசியமாகவே எல்லாம் செய்தேன்.

பாஸ்போர்ட்டுக்காக விசாரிக்கப் போலீஸ்காரர் வீட்டுக்கே வந்தபோது தெருவே எட்டிப் பார்த்தது. அவர் கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டினேன். என்ன விஷயம் என்று அக்கா தன் வீட்டு மாடியிலிருந்து கேட்டாள். நான் கரண்டியைத் தூக்கிக் காட்டினேன். போலீஸ்காரர் நல்லவர். மாவா, ஒரு கிலோ போடுங்கம்மா என்று காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போனார். அதன் பிறகு அவர் வாடிக்கையாகிவிட்டார்.

முதுகுப் பை ஒன்று வாங்கினேன். அதைச் சுமந்து பழக வேண்டுமே. பையில் மாவுப் பாக்கெட்டுகளை நிரப்பிக்கொண்டு, இனிமேல் வீட்டுக்கே கொண்டுவந்து தருவேன் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிவிட்டேன். சித்திரை வீதி, உத்திர வீதி, அம்மாமண்டபம் ரோடு என்று தினமும் நடை. பெரிய மனது என்று பாராட்டினார்கள். வியாபாரம் இரண்டு மடங்கானது. மலையேற்றத்துக்குப் பயிற்சி எடுக்கிறேன் என்று யாருக்குத் தெரியும்? பை கனம் பற்றாமல் போனபோது இரண்டாம் மாடி வீடுகளாகப் பார்த்து விசாரித்துப் பிடித்தேன்.

வழியும் போட்டுவிட்டேன். திருச்சியிலிருந்து விமானத்தில் கோலாலம்பூர். அங்கிருந்து விமானமே கிடையாது, ரயிலும் பஸ்ஸும்தான். வடக்கே தாய்லாந்து, அதைத் தாண்டி லாவோஸ், அங்கே ஒரு ஆற்றில் படகு, மலைக் கிராமங்களில் நடை. விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு அக்காவுக்குப் போன் செய்வது என்று திட்டம். ஏறும்வரை அவளுக்குத் தெரியக் கூடாது.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து 'எங்கே போறீங்க' என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும் என்பார்கள். ஆனால் கேட்காமல் இருக்கவும் முடியாது. அதனால் 'தூரமா?' என்று கேட்பார்கள். அதற்குப் பதிலும் ஒன்றுதான். 'இல்ல, பக்கத்துலதான்.' காட்டூருக்குப் போகிறவரும் அதைத்தான் சொல்வார், காசிக்குப் போகிறவரும் அதைத்தான் சொல்வார். இந்த வழக்கத்தை நம்பித்தான் நான் துணிந்து பகலில் கிளம்பினேன். யாரும் எங்கே என்று கேட்கப் போவதில்லை. நான் பொய்யும் சொல்ல வேண்டியதில்லை.

காலையில் பலகையை மாட்டினேன். பையை முதுகில் ஏற்றினேன். சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.

முனையில் பூக்காரம்மா கேட்டார், தூரமா என்று. பக்கத்துலதான் என்றேன். இஸ்திரி போடுகிறவர் கேட்டார். பக்கத்துலதான். பால் பூத்தில் கேட்டார்கள். பக்கத்துலதான். லாவோஸ், பக்கத்துலதான். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் உள்ளே ஒரு குதி குதித்தது. ஒருவரிடமாவது உண்மையைச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. கோலத்தின் மேல் விழுந்த சருகைப் பொறுக்கிக்கொண்டிருந்த மாமி நிமிர்ந்து, "என்னடிம்மா, தூரமா?" என்றார். வயதானவர், காதும் மந்தம், யாரிடமும் போய்ச் சொல்ல மாட்டார் என்று நினைத்து, "ஆமா மாமி, தூரம்தான்" என்றேன்.

மாமி விருட்டென்று இரண்டு அடி பின்னால் நகர்ந்தார்.

"இந்த வயசுலயா? உனக்கு இன்னும் நிக்கலையா?"

அவர்கள் வீடுகளில் 'தூரம்' என்றால் மாதாமாதம் பெண்கள் ஒதுங்கி இருப்பது. கேட்கும்போது அவரே எந்தப் பொருளில் கேட்டார் என்பதை, என் பதிலைக் கேட்டதும் அவர் மறந்துவிட்டார். மந்தமான காது உள்ளவர்கள் மெதுவாகப் பேசுவதில்லை. தெரு முழுக்கக் கேட்டது. இஸ்திரிக்காரர் தலையைக் குனிந்துகொண்டு ஒரே சட்டையைத் திரும்பத் திரும்பத் தேய்த்தார். மாமி விடவில்லை. நல்ல டாக்டராப் பாரு, மன்னார்புரத்தில் ஒரு லேடி டாக்டர் இருக்கிறாள் என்று வழி சொல்ல ஆரம்பித்தார்.

அந்தச் சத்தத்துக்குத்தான் அக்கா வெளியே வந்தாள். என்னையும் பையையும் பார்த்தாள்.

"என்னடி, தூரமா?"

மாமியிடம் பட்டது போதும் என்று, "இல்லக்கா, பக்கத்துலதான்" என்றேன்.

"பக்கத்துலதானே? இரு, நானும் வரேன்."

அடுக்களைப் புடவையோடு, பாத்ரூம் செருப்போடு, பர்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். மன்னார்புரம் டாக்டரிடம்தான் போகிறேன், வெட்கப்பட்டுச் சொல்லாமல் போகிறேன் என்று அவளே முடிவு கட்டியிருந்தாள். நான் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தேன்.

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். காவிரிப் பாலத்தில் காற்று அடித்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பயப்படாதே, நம்ம வயசுக்கு இதெல்லாம் சகஜம், கர்ப்பப்பையை எடுத்துட்டு எத்தனை பேர் நல்லா இருக்காங்க என்று தெரிந்தவர்களின் பெயரையெல்லாம் சொன்னாள். என் மடியில் இருந்த பையைத் தட்டி, ஆஸ்பத்திரியில தங்கச் சொன்னாலும் சொல்வாங்கன்னு துணியெல்லாம் எடுத்துட்டு வந்துட்டியா என்று கேட்டாள். பாவமாகவும் இருந்தது, சிரிப்பை அடக்கவும் முடியவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் குலுங்கினேன். அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அவளை எப்படிக் கழற்றுவது என்று யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. விமான நிலையம் வழியாகப் போகும் புதுக்கோட்டை பஸ் புறப்படத் தயாராக நின்றது. அதை விட்டால் எனக்கு நேரம் இல்லை. ஏறிவிட்டேன். இது மன்னார்புரம் போகாதேடி என்று சொல்லிக்கொண்டே அக்காவும் ஏறிவிட்டாள்.

எங்கள் ஊரில் யாரும் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்க உரிமை உள்ளவர் ஒருவர் உண்டு. அவரை நான் கணக்கில் சேர்க்கவில்லை. கண்டக்டர் வந்தார்.

"எங்கம்மா போகணும்?"

பக்கத்துலதான் என்றால் டிக்கெட் கிழிக்க முடியாது. முந்தின பஸ்ஸில் சென்ட்ரல் என்று சொல்லித் தப்பித்துவிட்டேன். இங்கே வழியில்லை.

"ஏர்போர்ட்" என்றேன்.

"ரெண்டா?"

"ஒண்ணுதான்" என்று என் வாய் சொல்லிவிட்டது. ஒரு நொடி கழித்து, ரெண்டு என்று மாற்றினேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். காலில் நான் போட்டிருந்த புது ஷூவை அப்போதுதான் பார்த்தாள்.

"யாரு வராங்க?"

"யாரும் வரலக்கா. நான் போறேன்."

படக்கென்று என் வாயில் ஒரு தட்டு விழுந்தது.

"போறேன்னு சொல்லாதே. போயிட்டு வரேன்னு சொல்லு."

"போயிட்டு வரேன்."

"எங்க?"

மலேசியா, தாய்லாந்து, லாவோஸ் என்றேன். கடைசி ஊர் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். தூரம்தான் என்றேன். இந்த முறை அந்த வார்த்தைக்கு ஒரே ஒரு பொருள்தான். அதை உண்மையாகச் சொல்ல எவ்வளவு சுகமாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

"யாரு கூட?"

"யாரு கூடவும் இல்ல."

முன் சீட்டில் ஒரு அம்மா பேச்சைக் கேட்கத் தோதாகத் தலையைச் சாய்த்துக்கொண்டார். கண்டக்டர் எங்கள் பக்கத்துக் கம்பியில் சாய்ந்தபடி நகராமல் நின்றார். அக்காவின் முகம் சுருங்கிப்போயிற்று.

"ஏண்டி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வந்திருக்க மாட்டேனா?"

"வந்திருப்பே. அதனாலதான் சொல்லல."

என் வாழ்க்கையில் அக்காவிடம் நான் சொன்ன மிகப் பெரிய வார்த்தை அது. சொன்ன பிறகு காது இரண்டும் சுட்டன. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டோல்கேட் தாண்டியது. சுப்ரமணியபுரம் தாண்டியது. திரும்பிப் போய்விடலாம், விமானம் போனால் போகட்டும் என்றுகூட நினைத்துவிட்டேன். அவள் கோபித்து நான் பார்த்திருக்கிறேன். இப்படி வாயடைத்துப் பார்த்ததில்லை.

கொஞ்ச தூரம் போனதும், திரும்பாமலே, "பச்சைமலைக்கு வேன் வச்சேனே, அதுக்கா?" என்றாள்.

"அதுக்குத்தான்."

"புளியோதரை நல்லாத்தானே இருந்துச்சு?"

"புளியோதரை நல்லா இருந்துச்சுக்கா."

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து முதுகைத் தடவப் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். மன்னார்புரம் டாக்டர், கர்ப்பப்பை, மாமி தெருவுக்கே கேட்கக் கத்தியது எல்லாம் அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்து, ஒவ்வொன்றுக்கும் புதிதாகச் சிரித்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. என்னவென்று தெரியாமலே முன் சீட்டு அம்மாவும் சிரித்தார். ஏர்போர்ட் நிறுத்தத்தில் கண்டக்டர் விசிலை வாயில் வைத்து ஊத முடியாமல் நின்றார். இறங்கும்போது என்னைப் பார்த்து, பத்திரமாப் போயிட்டு வாங்கம்மா, லாவோஸ் டிக்கெட் மட்டும் என்கிட்ட இல்ல என்றார்.

விமான நிலைய வாசலில் எப்போதும் போல ஒரு ஆளை அனுப்ப ஒரு வேன் கூட்டம். மாலை, அழுகை, பிளாஸ்டிக் டப்பாக்களில் சோறு. அக்கா அதையெல்லாம் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். உனக்கு நான் ஒருத்திதான், அதுவும் பாத்ரூம் செருப்புல என்றாள். அது போதும் என்றேன். உண்மையாகவே போதுமாக இருந்தது.

நுழைவாயிலில் காவலர் என் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் பார்த்தார். அக்காவும் கூடவே நுழையப் பார்த்தாள். உள்ளே வரை விட்டுவிட்டு வருகிறேன் என்றாள். அவருக்குத் தமிழ் தெரியவில்லை. பாஸ்போர்ட் என்று கை நீட்டினார். அக்கா பர்ஸைத் திறந்து ஆதார் அட்டையை எடுத்து நீட்டினாள். அவர் தலையை ஆட்டினார். அவள் அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினாள். அவர் சிரித்துவிட்டார். பாஷை தெரியாத ஊரில் அக்காவும் நன்றாகவே பிழைத்துக்கொள்வாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த நினைப்பு அவ்வளவு நிம்மதியாக இல்லை.

நான் உள்ளே நகர்வதற்கு முன் அக்கா என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டாள். இன்று மாவு இல்லை என்று பலகை மாட்டியிருக்கிறாயே, எத்தனை நாளைக்கு அது 'இன்று' என்பது ஒன்று. நான் வரும்வரைக்கும் என்றேன். இரண்டாவது கேள்வியை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"இந்தப் பாஸ்போர்ட்டு கேட்டா, எத்தனை நாள்ல குடுப்பாங்க?"

கூட்டத்தில் காதில் விழாதது போல நடந்தேன். கண்ணாடிக்கு வெளியே அவள் ரொம்ப நேரம் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். நானும் ஆட்டினேன்.

விமானத்தில் எனக்கு நடு சீட். காவிரியையும் கோபுரத்தையும் மேலிருந்து பார்க்கலாம் என்று ஆசைப்பட்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவரின் முழங்கைதான் தெரிந்தது. மலேசியாவில் வேலை பார்க்கிறவர், லீவு முடிந்து போகிறார். அங்கே உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். அதைச் சொல்லும்போது வந்த சிரிப்பை அடக்கப் பார்த்தேன். முடியவில்லை. பாவம், அவர் கொஞ்சம் பயந்துபோய் முழங்கையை எடுத்துக்கொண்டார். அந்த இடைவெளியில் ஜன்னல் தெரிந்தது. கீழே எதுவோ ஒரு ஆறு. காவிரி என்றே வைத்துக்கொண்டேன்.

மறுநாள் கோலாலம்பூரில் மழை பெய்தது. அக்கா பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டாள்.